தேனை எடுத்தோம், தேனீயைக் காத்தோமா?





நம் வீடுகளில் தேனுக்குத் தனி மரியாதை உண்டு. கருஞ்சீரகத்தோடு குழைத்துச் சாப்பிடுவோம், இருமலுக்கு இஞ்சிச் சாற்றில் கலந்து கொடுப்போம், நோன்பு காலத்தில் ஒரு பாட்டில் கூடுதலாக வாங்கி வைப்போம். திருக்குர்ஆனில் நிவாரணம் என்று சொல்லப்பட்ட பொருள் என்பதால் நாம் அதைப் பேணுவது சரியே. ஆனால் தேனீ நமக்குச் செய்யும் வேலையில் தேன் ஒரு சிறு பங்குதான். நம் விளையில் காய்க்கும் பூசணியும் பாகலும், சமையலறை டப்பாவில் இருக்கும் ஏலமும் கொத்தமல்லியும் அதன் உழைப்பால் நம்மிடம் வந்து சேர்பவை. தேனை மறக்காத நாம் இந்த உழைப்பைப் பெரும்பாலும் நினைப்பதே இல்லை. தேனீ நலமாக இருந்தால்தான் விவசாயம் நலமாக இருக்கும் என்பதையும், அதற்கு நம் குடும்பங்களும் ஜமாஅத்துகளும் என்ன செய்ய முடியும் என்பதையும் இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஓர் அத்தியாயத்தின் பெயர்

திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயத்திற்கு அந்நஹ்ல், அதாவது தேனீ என்று பெயர். அதன் 68, 69ஆம் வசனங்கள் தேனீயைப் பற்றிப் பேசுகின்றன. மலைகளிலும் மரங்களிலும் மனிதர்கள் கட்டுகின்றவற்றிலும் கூடு அமைத்துக்கொள்ளும்படி இறைவன் அதற்கு உள்ளுணர்வை வழங்கினான் என்று அங்கே அறிகிறோம்.

நம் குமரி மாவட்டத்தில் இந்த மூன்று வகை இருப்பிடங்களையும் கண்ணால் காணலாம். மலைத்தேனீ பாறை இடுக்கிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒரே பெரிய அடையாகக் கட்டித் தொங்கவிடும். கொம்புத் தேனீ புதரிலும் சிறு கிளையிலும் கையகல அடை கட்டும். அடுக்குத் தேனீ என்றும் இந்தியத் தேனீ என்றும் அழைக்கப்படும் இனம் இயற்கையில் மரப்பொந்தில் பல அடைகளை அடுக்காகக் கட்டும். மனிதன் செய்து வைக்கும் பெட்டியிலும் குடியிருக்கச் சம்மதிக்கும். சுவர் ஓட்டையிலும் மரப் பொந்திலும் வாழும் கொசுத்தேனீயும், வெளிநாட்டிலிருந்து வந்து பெட்டிகளில் வளர்க்கப்படும் இத்தாலியத் தேனீயும் இவற்றோடு உண்டு.

அந்த வசனங்கள் தேனைச் சொல்லி முடிந்துவிடவில்லை. சிந்திக்கும் மக்களுக்கு இதில் அத்தாட்சி இருக்கிறது என்று நிறைவடைகின்றன. நாமோ பாட்டிலில் இருக்கும் தேனோடு சிந்தனையை நிறுத்திக்கொள்கிறோம். அது பூவுக்குப் பூ போவதால் யார் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் சிந்தித்தால்தான் வசனத்தின் அழைப்புக்கு நாம் செவி கொடுத்தவர்கள் ஆவோம்.

பூவிலிருந்து பிஞ்சுக்கு

பூ பூத்தால் மட்டும் காய் வந்துவிடாது. ஆண் பாகத்திலுள்ள மகரந்தத் தூள் பெண் பாகத்தில் போய்ச் சேர வேண்டும். இதற்கு மகரந்தச் சேர்க்கை என்று பெயர்.

பேரீச்சையை எடுத்துக்கொள்வோம். அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மதீனாவாசிகள் ஆண் பாளையை எடுத்துப் பெண் பாளையில் சேர்க்கும் வேலையைச் செய்துவந்தார்கள். அது பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னதைக் கேட்டு அவர்கள் அதை விட்டபோது விளைச்சல் குறைந்தது. உலகக் காரியங்களை அதை நன்கு அறிந்தவர்களான நீங்களே அறிவீர்கள் என்ற கருத்தில் நபியவர்கள் அப்போது கூறினார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. மகரந்தம் சேராவிட்டால் பழம் இல்லை என்பது ஒன்று. விவசாயம் போன்ற துறைகளில் அனுபவமும் அறிவும் உள்ளவர்களிடம் கேட்டு நடக்க வேண்டும் என்பது மற்றொன்று.

பேரீச்சைக்கு மனிதன் மரம் ஏறிச் செய்யும் இந்த வேலையை, நம் தோட்டத்துப் பூசணிக்குத் தேனீ செய்கிறது. பூசணிக் கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கும். பெண் பூவின் அடியில் சிறு உருண்டைப் பிஞ்சு இருக்கும். விடியற்காலையில் விரியும் பூ நண்பகலுக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்திற்குள் தேனீ ஆண் பூவில் உட்கார்ந்து, உடம்பெல்லாம் தூள் ஒட்ட, பெண் பூவுக்கு வர வேண்டும். ஒரு முறை வந்தால் போதாது. பல முறை வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிடும். குறைவாக வந்தால் ஒரு பக்கம் பெருத்தும் மறுபக்கம் சூம்பியும் கோணலாக வளரும்.

பிஞ்சு உதிர்ந்தால் கண்ணேறு பட்டுவிட்டது என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. உரம் போதவில்லை என்று கூடுதலாக யூரியா போடுபவர்களும் உண்டு. காலை ஏழு மணிக்குப் பூவருகே பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு தேனீகூட வரவில்லை என்றால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில் சில பகுதிகளில் பேரிக்காய் மரங்களுக்கு மனிதர்களே கிளை கிளையாக ஏறி, இறகாலும் தூரிகையாலும் மகரந்தம் தடவுகிறார்கள். பூச்சிமருந்து மிகுதியாக அடிக்கப்பட்டு அங்கே தேனீக்கள் குறைந்துபோனது அதற்கு ஒரு காரணம். தேனீ கூலி கேட்காமல் செய்த வேலைக்கு அங்கே ஆள் பிடித்துக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது.

நம் சஹனில் தேனீயின் பங்கு

ஒரு கல்யாண விருந்தை நினைத்துப் பார்ப்போம். சஹனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். அதில் எதெல்லாம் தேனீயின் தயவால் வந்தது?

அரிசிக்குத் தேனீ தேவையில்லை. நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்ளும். கோதுமையும் அப்படியே. வாழைப்பழம் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும். மரச்சீனிக் கிழங்கு தண்டிலிருந்து வளரும். ஆக, தேனீ முற்றிலும் இல்லாமல் போனாலும் சோறும் கிழங்கும் கிடைக்கும்.

ஆனால் சோற்றில் மணக்கும் ஏலக்காயைப் பாருங்கள். ஏலப் பூ காலையில் விரிந்து ஒரு நாளே இருக்கும். தேனீ வராவிட்டால் ஏலத்தில் காய் பிடிப்பது மிக அரிது. நம் பக்கத்து இடுக்கி மலைத் தோட்டங்களில் இந்தியத் தேனீயும் மலைத்தேனீயும் செய்யும் வேலைதான் நம் நெய்ச்சோற்றின் மணம். கொத்தமல்லி, சோம்பு ஆகியவற்றின் விளைச்சலுக்கும் வெங்காய விதை உற்பத்திக்கும் தேனீ துணை. வெள்ளரியும் பூசணியும் பாகலும் புடலையும் பூச்சிகளின் வருகையை நம்பியே இருக்கின்றன. சூரியகாந்தியில் தேனீ வந்தால்தான் பூவில் பதரில்லாமல் விதை நிரம்பும், எண்ணெயும் கிடைக்கும். தென்னம்பாளையில் தேனீ மொய்ப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். காற்றோடு சேர்ந்து தேனீயும் தென்னையின் காய்ப்பிடிப்புக்கு உதவுகிறது. முருங்கைப் பூவுக்குத் தேனீயோடு கருவண்டும் வருகிறது.

சுருக்கமாகச் சொன்னால், வயிற்றை நிரப்பும் உணவில் பெரும்பகுதி தேனீ இல்லாமலும் விளையும். உடலுக்குச் சத்தும் நாவுக்குச் சுவையும் தரும் காய், கனி, எண்ணெய்வித்து, நறுமணப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேனீயும் அதன் உறவுப் பூச்சிகளும் வேண்டும். உலக அளவில் பார்த்தாலும் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு, பூச்சி முதலிய உயிர்களின் மகரந்தச் சேர்க்கையால் ஓரளவேனும் பயன்பெறுபவை. விளைச்சலின் எடையில் அவை மூன்றில் ஒரு பங்கு. ஐக்கிய நாடுகள் சபை 2018ஆம் ஆண்டு முதல் மே 20ஆம் தேதியை உலகத் தேனீ நாளாகக் கடைப்பிடிப்பது இதை நினைவூட்டுவதற்காகவே.

தேனீ குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவது யார்? காய்கறி விலை ஏறினால் வசதியுள்ள வீட்டில் கூடுதல் பணம் கொடுத்து வாங்கிவிடுவார்கள். ஏழை வீட்டில் சோற்றுக்குத் தொடுகறி குறையும். பிள்ளைகளின் தட்டிலிருந்து கீரையும் காயும் பழமும் விலகும். அதனால்தான் இதை நலப்பணியின் ஒரு பகுதியாக நாம் கருதுகிறோம்.

நம் மாவட்டம் கண்ட சோதனை

தென்னிந்தியாவில் தேனீயைப் பெட்டியில் வளர்க்கும் முறை பரவியதில் இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும். 1910களில் திருச்சிப் பகுதியில் பணியாற்றிய பாதிரியார் நியூட்டன், நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்து மக்களுக்குப் பயிற்சி அளித்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமச் சீரமைப்புப் பணியை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச் தேனீ வளர்ப்பை ஏழைக் குடும்பங்களின் துணைத்தொழிலாக்கினார். அங்கிருந்து அது வீடு வீடாகப் பரவியது. மார்த்தாண்டம் தேன் என்றால் இன்று தமிழகம் முழுவதும் தெரியும்.

பின்பு ரப்பர் வந்தது. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தில் இளந்தளிரின் காம்பில் இனிப்பு நீர் சுரக்கும். தேனீக்கள் அதை எடுத்துத் தேனாக்கும். நம் மாவட்டத் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வராமல் இந்தத் தளிரிலிருந்தே வருகிறது.

இப்படி வளர்ந்த தொழிலுக்கு 1991, 1992ஆம் ஆண்டுகளில் பேரிடி விழுந்தது. தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் தேனீப் பெட்டிகளுக்குள் நுழைந்தது. 1970களில் தாய்லாந்தில் கண்டறியப்பட்டதால் அதற்கு அந்தப் பெயர். அது வளர்ந்த தேனீயை உடனே கொல்லாது, புழுவைத் தாக்கும். நோய் கண்ட புழு கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் நிறைந்த சிறு பை போல வீங்கிச் சாகும். செத்த புழுவை அப்புறப்படுத்தும் பணித்தேனீயே கிருமியை அடுத்த புழுவுக்குக் கொண்டுபோகும். புதிய தலைமுறை பிறக்காததால் பெட்டி சில வாரங்களில் வெறுமையாகும். இதற்கு மருந்து இல்லை.

நம் மாவட்டத்திலும் கேரளத்திலும் இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதி அழிந்தது. அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான வீடுகள் வருமானம் இழந்தன. வெறும் பெட்டிகள் விறகாயின. பிறகு காட்டிலும் பொந்திலும் தப்பிப் பிழைத்த வலுவான கூட்டங்களைத் தேடிப் பிடித்து, அவற்றிலிருந்து பெருக்கியே தொழில் மீண்டும் தலையெடுத்தது. எல்லாப் பெட்டிகளும் காலியானபோது அல்லாஹ் காட்டில் விட்டுவைத்த கூட்டங்களே நமக்கு விதையாயின. ஆகவே, விளையோரத்துப் பழைய மரப்பொந்தில் இருக்கும் தேன்கூட்டை ஒரு குவளைத் தேனுக்காக அடியோடு அழிப்பவர், நாளைக்கு ஊருக்குத் தேவைப்படும் விதையை அழிக்கிறார்.

தேனீயை நலியச் செய்பவை எவை?

முதலாவது பட்டினி. ரப்பர் மூன்று மாதம் விருந்து வைக்கும். ஆனால் அந்தத் தளிர்நீரில் மகரந்தம் கிடையாது. மகரந்தமே புழுக்களுக்கு உணவு; அதற்குப் பூ வேண்டும். ஜூன் முதல் மழை மாதங்களில் தேனும் கிடைக்காது, பூவும் குறைவு. முன்பு விளையில் தென்னையோடு முருங்கை, புளி, நாவல், வேம்பு, புங்கை, கொடிக்காய் எனப் பல இருந்தன. ஏதாவது ஒன்று எப்போதும் பூத்துக்கொண்டிருக்கும். இப்போது பல விளைகளில் ஒரே மரம்தான் நிற்கிறது, அல்லது முற்றம் முழுவதும் சிமெண்ட் தளம். பட்டினி கிடக்கும் கூட்டம் பெட்டியை விட்டே ஓடிவிடும். ஓடாமல் இருக்கும் கூட்டமும் பலம் குன்றும். பலம் குன்றிய கூட்டத்தை நோயும் மெழுகுப் புழுவும் எளிதில் பிடிக்கும்.

இரண்டாவது பூச்சிமருந்து. காலை வேளையில் பூத்த பயிர்மீது அடிக்கும் மருந்து, அந்தப் பூவுக்கு வரும் தேனீயின் மேல் நேராகப் படுகிறது. தூளாகத் தூவும் மருந்து மகரந்தத்தோடு ஒட்டிக்கொண்டு கூட்டுக்கே போகிறது. இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் செடியின் உள்ளே ஊடுருவி மகரந்தத்திலும் தேன்நீரிலும் கலப்பவை. சிறிதளவு உள்ளே போனாலும் தேனீ வழி தடுமாறும். இந்த வகையில் மூன்று மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது. நம் கடைகளில் இவை சாதாரணமாகக் கிடைக்கின்றன.

மூன்றாவது நம் பயமும் அவசரமும். கூட்டைக் கண்டதும் தீவைப்பது இதில் சேரும்.

மினாராவில் கூடு கட்டினால்

உயரமான இடத்தை மலைத்தேனீ விரும்பும். பள்ளிவாசல் மினாராவிலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் அது கட்டுவதை நாம் பார்க்கிறோம். உடனே இரவில் ஆளை ஏற்றித் தீப்பந்தம் பிடித்துக் கொளுத்திவிடுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது.

எறும்பு, தேனீ, ஹுத்ஹுத் பறவை, ஸுரத் பறவை ஆகிய நான்கையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. முற்கால நபி ஒருவர், தம்மை ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புப் புற்று முழுவதையும் எரிக்கச் செய்தபோது, அல்லாஹ் அவரைக் கண்டித்தான் என்ற செய்தி புகாரியில் உள்ளது. ஒரு கடிக்காக ஒரு சமூகத்தையே எரிப்பதா என்பதே அந்தக் கண்டிப்பின் சாரம். இவற்றை அறிந்த நாம் பள்ளிவாசல் சுவரிலேயே தேனீக்குத் தீவைப்பது பொருத்தமா என்று ஜமாஅத் நிர்வாகங்கள் யோசிக்க வேண்டும்.

அதேவேளை, மனித உயிருக்கு வரும் ஆபத்தையும் நாம் அலட்சியம் செய்ய முடியாது. மலைத்தேனீ கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. எனவே இப்படிச் செய்யலாம்:

- கூடு உயரத்தில், யாருக்கும் இடையூறு இல்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். மலைத்தேனீ பருவத்திற்கு ஏற்ப இடம் மாறும் இனம், அதுவாகவே போய்விடும்.
- கூட்டின் கீழே புகை போடுவது, பட்டாசு வெடிப்பது, பிள்ளைகள் கல்லெறிவது ஆகியவற்றைத் தடுங்கள். கொட்டும் சம்பவங்கள் பல இப்படித்தான் தொடங்குகின்றன.
- மதரஸா வாசல், நடைபாதை போன்ற இடத்தில் தாழ்வாக இருந்தால், தேன் எடுப்பதில் பழக்கமுள்ளவர்களை அழைத்து, கொல்லாமல் அகற்றச் சொல்லுங்கள். அவசர நிலையில் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.
- பொந்திலோ சுவரிலோ இருப்பது அடுக்குத் தேனீ என்றால், தேனீ வளர்ப்பவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் அதைப் பெட்டியில் குடியேற்றிக்கொள்வார். இருவருக்கும் நன்மை.
- யாரையேனும் கொட்டிவிட்டால் அந்த இடத்தைவிட்டு விரைவாக விலகி, கொடுக்கை நகத்தால் சுரண்டித் தாமதமின்றி எடுத்துவிடுங்கள். மூச்சுத் திணறல், முகமோ நாக்கோ வீங்குதல், மயக்கம், உடலெங்கும் தடிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும், பல இடங்களில் கொட்டியிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

நம் வீடும் பள்ளிவாசலும் செய்யக்கூடியவை

ஒரு முஸ்லிம் மரம் நட்டாலோ பயிர் செய்தாலோ அதிலிருந்து பறவையும் மனிதனும் விலங்கும் உண்பது அவருக்கு ஸதகாவாகும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தேனீக்குப் பூவைக் கொடுக்கும் மரம், அதன் வழியாக ஊரார் தோட்டத்துக்கெல்லாம் காயைக் கொடுக்கிறது. அந்த நன்மையின் அளவை அல்லாஹ்வே அறிவான்.

1. மாதம் முழுதும் பூ. வீட்டு விளையில் ஒரு முருங்கை, ஓர் எலுமிச்சை, வேலியில் ஒரு கோவைக்கொடி, ஓரத்தில் இரண்டு வெள்ளரி, பூசணி. இடமில்லாத வீட்டில் தொட்டியில் துளசி, கொத்தமல்லி. கொத்தமல்லியில் ஒரு பகுதியைப் பறிக்காமல் பூக்க விடுங்கள்.

2. மையவாடி. பல ஊர்களில் மையவாடிதான் மருந்து தெளிக்கப்படாத ஒரே நிலம். புதரை அப்புறப்படுத்தும்போது எல்லாவற்றையும் களைக்கொல்லி அடித்துக் கருக்காமல், பாதையை மட்டும் சுத்தம் செய்து, மதிலோரம் நாவல், புங்கை, வேம்பு, இலந்தை நடலாம்.

3. தண்ணீர். தேனீக்கும் தாகம் உண்டு. ஒளு செய்யும் இடத்தருகே அகலமான மண்சட்டியில் கூழாங்கல் போட்டு, கல் மேலே தெரியும் அளவுக்குத் தண்ணீர் வையுங்கள். கல் இல்லாவிட்டால் தேனீ மூழ்கிவிடும். கொசு பெருகாமல் இருக்கத் தினமும் தண்ணீரை மாற்றுங்கள்.

4. மருந்து அடிப்பதில் ஒழுங்கு. பூச்சி தென்பட்ட உடனே மருந்தைத் தேடாமல், கையால் பொறுக்கவோ வேப்பெண்ணெய்க் கரைசலால் கட்டுப்படுத்தவோ முடியுமா என்று பாருங்கள். மருந்து தேவைப்பட்டால், பயிர் பூத்திருக்கும் நாள்களைத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால் தேனீ கூடடைந்த பிறகு, பொழுது சாய்ந்து அடியுங்கள். அருகில் பெட்டி வைத்திருப்பவருக்கு முன்தினமே சொல்லிவிடுங்கள். தனக்கும் பிறருக்கும் தீங்கு செய்யக்கூடாது என்பது மார்க்கத்தின் பொது விதி. அண்டை வீட்டாரின் தேனீயும் அதில் அடங்கும்.

5. கையால் சேர்த்தல். தேனீ வராத இடத்தில் பூசணிப் பிஞ்சு உதிர்ந்தால், காலையில் ஆண் பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, நடுவிலுள்ள தூள் பகுதியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். காய் பிடிக்கும். பிள்ளைகளை வைத்துச் செய்யச் சொல்லுங்கள். தேனீயின் வேலை எவ்வளவு பெரிது என்பதை அவர்கள் அன்றே கற்றுக்கொள்வார்கள்.

பெட்டி வைக்க விரும்புவோருக்கு

வீட்டிலிருந்தபடியே சிறு வருமானம் தேடும் சகோதரிகள் தேனீ வளர்ப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். நல்ல தொழில்தான், நம் மாவட்டத்தில் பெண்கள் பலர் திறம்படச் செய்கிறார்கள். ஆனால் பெட்டியை வாங்குமுன் பயிற்சி பெறுங்கள். மார்த்தாண்டம் பகுதியில் அனுபவசாலிகள் நிறைய உண்டு. தோட்டக்கலைத் துறையிடமும் வேளாண் அறிவியல் நிலையத்திடமும் பயிற்சி பற்றி விசாரிக்கலாம்.

இரண்டு பெட்டிகளோடு தொடங்குங்கள். நிழலும் காலை வெயிலும் உள்ள இடத்தில், எறும்பு ஏறாதபடி நீர் நிறைந்த கிண்ணத்தில் நிற்கும் கால்மேல் பெட்டியை வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து, புழு நலமாக இருக்கிறதா, ராணி முட்டையிடுகிறதா என்று பாருங்கள். பை போல வீங்கிய புழுவைக் கண்டால் அந்தப் பெட்டியின் சட்டங்களை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள். கையையும் கருவிகளையும் கழுவிவிட்டே அடுத்த பெட்டியைத் தொடுங்கள். தேன் எடுக்கும்போது எல்லாவற்றையும் வழித்தெடுக்காமல் அதன் உணவுக்கு ஒரு பங்கை விட்டுவையுங்கள். மழைக்காலப் பஞ்சத்தில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகு கொடுத்துக் காப்பாற்றுங்கள். பலர் பங்குனியில் தேனை எடுத்துவிட்டு ஆடியில் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். ஆவணியில் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. உழைப்பாளியின் கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுகிற நாம், நமக்காக உழைத்த இந்த உயிருக்கும் அதன் பங்கைக் கொடுக்க வேண்டாமா?

ஜகாத், ஸதகா வழங்கும் செல்வந்தர்களுக்கும் ஒரு யோசனை. தகுதியுள்ள ஒரு குடும்பத்துக்குத் தையல் எந்திரம் வாங்கிக் கொடுப்பது போல, பயிற்சி முடித்த ஒருவருக்கு இரண்டு பெட்டிகளும் தேனீக் குடும்பங்களும் வாங்கிக் கொடுக்கலாம். அந்த வீட்டுக்குத் தேன் கிடைக்கும். சுற்றியுள்ள ஒரு கிலோமீட்டர் தூரத்திலுள்ள தோட்டங்களுக்கெல்லாம், யார் எவர் என்று பாராமல், காய் கிடைக்கும். தேனீக்கு வேலி தெரியாது.

குடும்பத்தோடு பேசுவதற்கு

- நேற்று நம் வீட்டில் சமைத்தவற்றில் தேனீயின் உதவி பெற்றவை எவை? பிள்ளைகளைப் பட்டியல் எழுதச் சொல்லுங்கள்.
- நம் தெருவில் ஆடி மாதத்தில் பூக்கும் மரம் எது? ஒன்றும் இல்லையென்றால் எதை நடலாம்?
- நம் வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து எது? அதை எந்த நேரத்தில் அடிக்கிறோம்?
- நம் பள்ளிவாசலில் கூடு கட்டினால் என்ன செய்வது என்று ஜமாஅத் முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறதா?

முஃமினின் நிலை தேனீயின் நிலையைப் போன்றது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது. அது நல்லதை உண்ணும், நல்லதைத் தரும், தான் அமரும் கிளையை ஒடிக்காது. தேனீயைக் காப்பதைப் பற்றிப் பேசும்போது, தேனீயைப் போல நாமும் வாழ்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். நாம் அமர்ந்திருக்கும் இந்தப் பூமி என்ற கிளை ஒடியாமல் பிள்ளைகளிடம் சேர வேண்டும்.

நம் உணவிலும் நம் நிலத்திலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! அவன் படைப்புகளிடம் இரக்கம் காட்டுவோராக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.